முடிச்சோடு கொடுத்த சட்டை

அந்தக் காலத்தில், காட்டுக்குள் யார் வாய் திறந்தாலும் எல்லாருக்கும் புரிந்த அந்தக் காலத்தில், மான்களுக்குப் புள்ளி கிடையாது. செம்மண் பூசிய சுவர் மாதிரி ஒரே நிறம். பெரிய மான்களுக்கு என்ன, புலியைக் கண்டால் ஓடிவிடும். குட்டிகள் எங்கே போகும்? புல்லுக்குள் படுத்தாலும் பச்சைக்கு நடுவே சிவப்பு பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும். அதனால் இலைகளுக்கு இடையில் விழும் வெயில் பொட்டுகளைப் போலப் புள்ளி வைத்த சட்டை ஒன்றை ஒவ்வொரு தாயும் தன் குட்டிக்கு வாங்கிப் போட்டாள்.

ஆற்றங்கரையில் சட்டைக் கடைகள் இரண்டு இருந்தன. மருத மரத்தடியில் குளவியார் கடை, அவர் நிஜமாகவே குளவிதான். அவர் அச்சுக்கட்டையில் மெழுகைத் தொட்டு டொக் டொக்கென்று குத்திச் சாயம் ஏற்றுவார். ஒரு சட்டைக்கும் அடுத்த சட்டைக்கும் மயிரளவு வித்தியாசம் இராது. அடேயப்பா, என்ன கூட்டம்! எதிர்க்கரையில் சிட்டம்மா கடை. அவள் மனுஷி. துணியை நகத்தால் கிள்ளி, கிள்ளிய இடத்தில் நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டு, அப்படியே சாயத்தில் முக்குவாள். பிறகு முடிச்சை அவிழ்த்தால் அங்கே வெள்ளைப் புள்ளி. ஆனால் ஒரு புள்ளி மிளகளவு, இன்னொன்று கடலையளவு. வரிசையும் நேராக ஓடாது. யார் வாங்குவார்கள்? பாவம், ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள்.

செம்பி என்றொரு மானுக்கு அந்த வருஷம் தலைப்பிரசவம். கூட்டத்திலேயே கடைசியாகக் குட்டி போட்டவள் அவள்தான். ஆசை ஆசையாகக் குளவியார் கடைக்குப் போனால், சரக்கு தீர்ந்துவிட்டது.

“அமாவாசை கழிச்சு வா,” என்றார் குளவியார், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

அதுவரை புலி காத்திருக்குமா? வேறு வழியில்லாமல் செம்பி குட்டியைக் கூட்டிக்கொண்டு ஆற்றைக் கடந்தாள்.

“அக்கா, குளவியார் கடைச் சட்டை மாதிரியே இருக்கணும்.”

“அவர் மாதிரி வேணும்னா அவர்கிட்டதான் வாங்கணும் தாயி. என் கைக்கு என்ன வருமோ அதுதான் வரும்,” என்று சொல்லிவிட்டு சிட்டம்மா முடிச்சுப் போட உட்கார்ந்தாள்.

நூல் ஆடுவது குட்டிக்கு வேடிக்கையாக இருந்தது போலும். கிட்டே வந்து அவள் முழங்கையில் ஒரு முட்டு முட்டியது. போட்டுக்கொண்டிருந்த முடிச்சு வரிசையை விட்டு வழுக்கிவிட்டது. சாயத்தில் முக்கி அவிழ்த்துப் பார்த்தால், காதுக்குக் கீழே தனியாக ஒரு கோணல் புள்ளி!

“ஐயோ, என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க?”

“நான் எங்கே பண்ணினேன்? உன் பிள்ளை தனக்குத்தானே வச்சுக்கிட்ட புள்ளி அது,” என்று சிட்டம்மா சிரித்தாள்.

செம்பிக்குச் சிரிப்பு வரவில்லை. வீடு திரும்பியதும் மற்ற மான்கள் வேறு, “என்னடி, சட்டையைக் கோழி கிளறிடுச்சா?” என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தன. ஊரார் பிள்ளையெல்லாம் ராஜா மாதிரி நிற்க, தன் பிள்ளை மட்டும் இப்படியா என்று அவளுக்கு அழுகை அழுகையாக வந்தது. அமாவாசை கழியட்டும், இதைக் கழற்றி எறிந்துவிட்டு வேறு வாங்குவோம் என்று முடிவு செய்துகொண்டாள்.

அதற்குள் பனி வந்துவிட்டது. ஒரு விடியலில் காடே பாலுக்குள் இறங்கிவிட்டது போலிருந்தது. மரங்கள் வேரில்லாமல் மிதந்தன. ஆற்றின் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றே தெரியவில்லை. அந்த வெண்மைக்குள் எங்கேயோ புலி உறுமியது. பெரிய மான்கள் மூலைக்கொன்றாகச் சிதறி ஓடின.

பனி மெலிந்தபோது, புல்வெளி நடுவில் குட்டிகள் மட்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. ஒன்றுகூடக் குறையவில்லை, சட்டை காப்பாற்றியிருந்தது. ஓடிவந்த தாய்கள் திகைத்துப்போனார்கள். எது யார் பிள்ளை? எல்லாவற்றுக்கும் ஒரே புள்ளி. மோந்து பார்த்தால் ஒரே மெழுகு வாசம். பச்சைக் குட்டிகள், பேச்சும் வரவில்லை. “இவன் என் பிள்ளை!” “போடி, இவன் என் பிள்ளை!” என்று ஒரே சண்டை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சுதான். எது தன் குஞ்சு என்று தெரிந்தால்தானே? பால் கட்டிய மடியோடு தாய்கள் தவிக்க, குட்டிகள் பசியில் கத்தின.

செம்பியும் ஓடிவந்து கூட்டத்துக்குள் நுழைந்தாள். தன் பிள்ளையும் இந்தக் கூட்டத்தில் காணாமலே போய்விடுவானோ? ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். அதோ, ஒரு காதுக்குக் கீழே அந்தக் கோணல் புள்ளி!

“என் ராசா! இதையா கழற்றி எறியப் பார்த்தேன், பாவி நான்!” என்று கதறிக்கொண்டு பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். மற்றவர்கள் சட்டைகளை உரித்துப் போட்டு, குட்டிகளை ஆற்றில் குளிப்பாட்டி, மெழுகு வாசம் போனபிறகுதான் தங்கள் பிள்ளைகளைக் கண்டுபிடித்தார்கள்.

அப்புறம் என்ன, கூட்டமெல்லாம் சிட்டம்மா கடையில். குளவியார் லேசுப்பட்டவரா? கோணல்தானே வேண்டும் என்று அச்சுக்கட்டையிலேயே ஒரு புள்ளியைக் கோணலாகச் செதுக்கிவிட்டார். “கைவேலை! அசல் கைவேலை!” என்று கூவிக் கூவி விற்றார். எல்லாச் சட்டையிலும் காதுக்குக் கீழே ஒரே கோணல்! ஆனால் ஒற்றைச் சட்டையைக் கையில் வாங்கிப் பார்ப்பவளுக்கு அது அச்சா, கைவேலையா என்று எப்படித் தெரியும்? தாய்கள் மறுபடி பயந்துபோனார்கள்.

மறுவருஷம் செம்பிக்கு அடுத்த குட்டி பிறந்தது. சிட்டம்மா சாயத்திலிருந்து சட்டையை எடுத்து முடிச்சை அவிழ்க்கப் போனாள். செம்பி குளம்பால் துணியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

“அவிழ்க்காதீங்கக்கா. முடிச்சோடயே கொடுங்க. அச்சுக் குத்தினதுல முடிச்சு ஏது? ஒவ்வொண்ணா நானே அவிழ்த்துக்கறேன். எந்தப் புள்ளி எங்கே இருக்குன்னு பெத்தவளுக்குத் தெரியணும்.”

“உனக்குக் கை ஏது தாயி?”

“நாக்கு இருக்கே.”

ஈரம் காயாத சட்டையைக் குட்டியின் மேல் போர்த்தி, செம்பி முடிச்சு முடிச்சாக நக்கினாள். நூல் நெகிழ்ந்தது. ஒவ்வொரு புள்ளியாக வெள்ளை விரிந்தது. முதுகில் ஒன்று, விலாவில் ஒன்று, தொடையில் நீளமாக ஒன்று. குட்டி கண்ணை மூடிக்கொண்டு தூங்கியே போனது. அவள் முடிப்பதற்குள் சட்டை தோலோடு தோலாக ஒட்டிவிட்டது.

அன்று முதல்தான் மான், குட்டி போட்ட கையோடு அதை உடம்பெல்லாம் நக்கிக்கொடுக்கிறது. ஈரத்தைத் துடைக்கிறாள் என்பார்கள் பார்ப்பவர்கள். அவள் முடிச்சை அவிழ்த்துக்கொண்டே, வேறெந்தக் குட்டிக்கும் இல்லாத தன் பிள்ளையின் புள்ளிகளை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறாள்.