மச்சான் பேரில் ஒரு மாந்தோப்பு

கொடுத்தவள் திருப்பிக் கேட்டால் வாங்கியவருக்குக் கோபம் வருகிற ஊர் அது. அங்கே பண்ணையார் அம்பலவாணர் வீட்டில் நெல் குத்திப் பிழைத்தாள் செங்கமலம். மகள் கல்யாணத்துக்கென்று அவள் வைத்திருந்த ஒரே ஜோடி தங்க வளையலை அவசரத்துக்கு இரவல் வாங்கிய பண்ணையார், அடகு வைத்து மூழ்கவிட்டார். அவள் பஞ்சாயத்தைக் கூட்டியதும், வீடும் மாந்தோப்பும் வெளியூர் மச்சான் நல்லதம்பிக்கு விற்றாகிவிட்டது என்று பத்திரத்தைக் காட்டினார்.

"இவர் பேரில் ஒரு செங்கல்கூட இல்லையேம்மா. எதை விற்று உனக்கு வளையல் வாங்கித் தர?" என்றார் மணியக்காரர்.

"போய் நெல்லைக் குத்து, போ!" என்று சிரித்தார் பண்ணையார்.

கல்யாணத்துக்குப் பெண்ணை வைத்திருப்பவளுக்கு அழ ஏது நேரம்? சாட்சிக்கு வந்திருந்த மச்சானிடம் நேராகப் போனாள். "வெறும் வண்டியோடயா ஊருக்குத் திரும்புவீங்க ஐயா? உங்க தோப்புல காய் முத்திக் கிடக்கு. வாங்க, நானே பறிச்சு ஏத்தறேன்."

மச்சானுக்கு நாக்கு ஊறியது. ஊரே வேடிக்கை பார்க்க, நாலாவது மூட்டை வண்டியில் ஏறியபோது பண்ணையாருக்குப் பொறுக்கவில்லை.

"டேய், அது என் தோப்புடா!"

"பத்திரம் என் பேர்லல்ல இருக்கு, அத்தான்?" என்றான் மச்சான்.

பண்ணையார் மணியக்காரரிடம் ஓடினார். "ஐயா, அது பொய்ப் பத்திரம்! இவளை ஏமாத்தத்தான் எழுதினேன். கிழிச்சுப் போடுங்க!"

மணியக்காரர் திரும்பினார். "என்ன செங்கமலம், கிழிக்கலாமா?"

"வளையல் வரட்டும் ஐயா. அதுவரைக்கும் மச்சான் பறிக்கட்டும்."

அவள் கையில் பட்ட மாங்காய்ப் பால் காய்வதற்குள், பண்ணையார் தன் மனைவியின் வளையல்களைக் கழற்றிக்கொண்டு ஓடி வந்தார்.