நாலு முட்டை, முப்பத்திரண்டு பிள்ளைகள்

தாவீது நடுநிலைப் பள்ளி ஆசிரியர். வயது நாற்பத்தேழு. ஏழு வருடமாக முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறார். அவருக்கு வழிகாட்டி கோமதி, அவரைவிட ஆறு வயது இளையவர். குரு சின்னவராக இருக்கக் கூடாதென்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. அவர் இவரை ‘சார்’ என்பார், இவர் அவரை ‘மேடம்’ என்பார்.

பிள்ளைகளை இயற்கையோடு நெருங்க வைக்க முடியுமா, முடிந்தால் எவ்வளவு என்பதுதான் ஆராய்ச்சி. பள்ளிக்குப் பின்னால் குளத்தங்கரையில், வெறும் தரையில், ஓர் ஆள்காட்டிக் குருவி நாலு முட்டை இட்டிருந்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்திரண்டு பேரும் தினமும் மதிய இடைவேளையில் போய்ச் சுற்றி நின்று பார்த்து, ஆளுக்கொரு தாளில் குறிக்க வேண்டும். தொடக்கத்தில் ஒரு கேள்வித்தாள், முடிவில் ஒரு கேள்வித்தாள். மார்க் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு நெருக்கம்.

முடிவுக் கேள்வித்தாள் திங்கட்கிழமை. ஞாயிறு மதியமே தாவீது கோமதியைப் பள்ளிக்கு வரச் சொல்லிவிட்டார்.

“முப்பது நாள்ல பொரிச்சிருக்கணும் மேடம். இன்னைக்கு முப்பத்தெட்டு. காலையில ஒவ்வொண்ணா எடுத்து ஆட்டிப் பாத்தேன். உள்ள தண்ணி மாதிரி அலம்புது. கூமுட்டை.”

“நாலுமா?”

“நாலும்.”

“பிள்ளைங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது. குஞ்சுகளுக்குப் பேரெல்லாம் வச்சிருக்குதுங்க. அதான் கேக்குதேன். கேள்வித்தாளுக்கு முன்னால சொல்லவா, பின்னால சொல்லவா? முன்னால சொன்னா மார்க் எல்லாம் விழுந்துரும். ஏழு வருஷம் மேடம்.”

கோமதி மேசையில் இருந்த தாள்களைப் புரட்டினார். ஒன்றில் கை நின்றது.

“இது யாரு சார்? முதல் நாள் தவிர எல்லாத்துலயும் ‘பார்க்கவில்லை’ன்னு இருக்கு.”

“சுடலைவடிவு. ரெண்டாம் நாளே வரமாட்டேன்னுட்டா. வேப்பமரத்தடியில தனியா உக்காந்திருப்பா. ‘உனக்கு ஒரு குருவியக்கூடப் பிடிக்காதாட்டி’ன்னு எல்லார் முன்னாலயும் கேட்டேன். வாயே தொறக்கல. ஆர்வமில்லைன்னு எழுதிட்டேன். சராசரியக் கெடுக்குது, அவ தாள எடுத்துரலாம்னு இருக்கேன்.”

“பின்பக்கம் படிச்சீங்களா?”

“பின்பக்கத்துக்கு மார்க் இல்ல மேடம்.”

கோமதி அந்தத் தாளை மடித்து அவர் கையில் கொடுத்தார். “இருக்கட்டும், வச்சுக்கோங்க. குளத்துக்குப் போவோம்.”

பங்குனி வெயில். அவர்கள் நெருங்கியதும் குருவி கத்திக்கொண்டே எழுந்து பறந்தது.

“பிள்ளைங்க எவ்வளவு நேரம் நிப்பாங்க?”

“அரை மணி நேரம்.”

“நாமளும் நிப்போம்.”

நின்றார்கள். முட்டைக்குப் பக்கத்தில் கிடந்த கல்லைத் தொடச் சொன்னார் கோமதி. தாவீது தொட்டார், உடனே கையை இழுத்துக்கொண்டார். குருவி தலைக்குமேல் சுற்றிச் சுற்றிக் கத்தியது. குளத்தில் இறங்கி வயிற்றை நனைத்துக்கொண்டு ஓடி வந்தது. இவர்களைப் பார்த்து நின்றது. உட்கார முடியவில்லை. வயிறு காய்ந்ததும் மறுபடி தண்ணீருக்குப் போனது. அரை மணி நேரத்தில் நாலு தடவை போய் வந்தது.

“எதுக்கு மேடம் அப்படிச் செய்யுது?”

“முட்டை சுட்டுராம இருக்க. ஈர வயித்தோட வந்து மேல உக்காரும்.”

“குருவி குளிக்கப் போச்சுன்னு பிள்ளைங்க எழுதிச்சு மேடம். நல்லாக் கவனிச்சிருக்கீங்கன்னு நான் ஆளுக்கு ஒரு மார்க் சேத்துப் போட்டேன்.”

கோமதி அவரைப் பள்ளி மதிலோரம் இருந்த வேப்பமரத்துக்குக் கூட்டிப் போனார். இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள். அங்கிருந்து குளத்தங்கரை நன்றாகத் தெரிந்தது. அவர்கள் உட்கார்ந்த பிறகுதான் குருவி வந்தது. வயிறு நனைந்திருந்தது. முட்டைகளை அலகால் மெல்லத் திருப்பி வைத்து, மேலே உட்கார்ந்துகொண்டது.

“செத்தது அதுக்கு இன்னும் தெரியல,” என்றார் தாவீது. அவருக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு ஆசிரியர் இவ்வளவு அழக் கூடாது என்று அவரே நினைத்தார், ஆனாலும் அழுதார்.

பிறகு மடித்த தாளைப் பிரித்துப் பின்பக்கத்தைப் பார்த்தார். பென்சிலில், முதல் நாள் தேதி போட்டு, ஒரு வரி இருந்தது.

‘ஆள் கிட்டப் போனா அது எந்திரிச்சிருது. அது உக்காரட்டும்னு நான் இனி போகல.’

வெயில் இறங்கும்வரை இருவரும் அங்கேயே இருந்தார்கள். தாவீது முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“முன்னாலயே சொல்லிருதேன் மேடம். மார்க் விழுந்தா விழட்டும். நாளைக்குக் காலையில முப்பத்திரண்டு பேரையும் உக்கார வச்சு, ‘பிள்ளைகளா, நாமதான் அந்த முட்டைகளக் கொன்னுட்டோம்’னு சொல்லிருதேன்.”

கோமதி எழுந்து சேலையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார்.

“‘நாம’ன்னு சொல்லாதீங்க சார். அங்க வடிவும் உக்காந்திருப்பா.”