பச்சோலிக்குப் பாதி நிழல்

“இடது பாதிக்குத்தான் நிழல்” என்று சொல்லிவிட்டு, விவசாயிகள் சங்கத் தலைவர் ஆவுடையப்பன் முதல் பச்சோலிச் செடியின் மேல் குடையைச் சாய்த்துப் பிடித்தார்.

“செடிக்கு இடது எதுன்னு எப்படித் தெரியும், அண்ணாச்சி?” என்றாள் முத்தாச்சி.

செடி எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதில் உறுப்பினர்களுக்குள் கருத்து வேறுபாடு எழுந்தது. செயலாளர் மாசிலாமணி நாலு பக்கமும் போய் நின்று பார்த்தார். “நம்மளப் பாக்குற மாதிரிதான் இருக்கு. ஆனா யாரையும் குறிப்பாப் பாக்கல” என்றார். கடைசியில் கைதூக்கி வாக்கெடுத்தார்கள். செடி வடக்கே பார்ப்பதாக முடிவானது.

பாதி நிழல் வேண்டும் என்று சொன்னவர் தோட்டக்கலை அதிகாரி. நிழலில் இலை பெருகும், வெயிலில் எண்ணெய் ஊறும் என்றும் சொல்லியிருந்தார். அத்தருக்குப் போகிற எண்ணெய். அதைக் காய்ச்சி இறக்க ஒரு கொப்பரையும் இரவல் தந்திருந்தார். ஆவணிக் கடைசிக்குள் ஒரு லிட்டர் காட்டாவிட்டால் கொப்பரை பக்கத்து ஊருக்குப் போய்விடும். அங்கே அதற்குக் கொட்டகையே போட்டுவிட்டார்கள்.

மத்தியானத்துக்கு மேல் நிழல் வலது பாதிக்கு நகர்ந்தது. சூரியனை ஒன்றும் செய்ய முடியாது என்பதால் செடிகளைப் பிடுங்கித் திருப்பி நட்டார்கள். தினமும் இப்படியே நடந்தது. பிழைத்த செடிகளில் இலை நன்றாகவே வந்தது.

பிறகு எண்ணெய் ஊறுவதற்காகக் குடைகளை மடக்கினார்கள். வெயில் ஏற ஏறத் தோட்டமே மணத்தது. மாசிலாமணி மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“வாசனைன்னா என்ன? எண்ணெய்தான. வெளிய போகுது பாரும்.”

யாரும் வாசனையை உள்ளே இழுக்கக் கூடாது என்று அன்றே தீர்மானம் போட்டார்கள். துணி காயப்போடும் கிளிப்பை ஆளுக்கொன்று மூக்கில் மாட்டிக்கொண்டு களை எடுத்தார்கள்.

காய்ச்சி இறக்கியதில் முக்கால் லிட்டர்தான் தேறியது.

“மிச்சம் யாரு மூக்குல இருக்கு?” என்று கேட்டார் ஆவுடையப்பன்.

“கிளிப்பு வாரதுக்கு முந்தி நான் ரெண்டு இழுப்பு இழுத்தேன்” என்று முத்தாச்சி ஒத்துக்கொண்டாள். “நீரு மட்டும் என்னவாம்? சாப்பிடும்போது கழட்டி வச்சீரே?”

“அப்போ நான் இழுக்கல. விட்டேன்.”

“யாருக்குத் தெரியும்?”

எல்லோரும் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவராகக் குனிந்து எண்ணெய்ப் பாட்டிலுக்குள் மூச்சை விட, மாசிலாமணி உடனுக்குடன் மூடினார். அளவு ஏறவில்லை. வரிசை இரண்டாம் முறை சுற்றியது.

அப்போது அதிகாரி வந்து சேர்ந்தார். பாட்டிலை வாங்கித் திறந்து, ஆழமாக முகர்ந்தார்.

“நல்ல மணம். ஆனா கால் லிட்டர் குறையுதே?”

வரிசை முழுக்க அவர் மூக்கையே பார்த்தது. ஆவுடையப்பன் விஷயத்தை ஆதியோடந்தமாக எடுத்துச் சொன்னார்.

அதிகாரி சற்று யோசித்தார். பாட்டிலை மூடி மாசிலாமணியிடம் கொடுத்தார். பையைக் கீழே வைத்துவிட்டு, முத்தாச்சிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.