கிளம்ப மறுத்த பாட்டுப்பெட்டி

பாளையங்கோட்டையில் ஒரு பாத்திரக்கடை மாடியில் எப்சிபா டீச்சர் சாயங்காலம் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறார். டீச்சருக்கு எங்கள் மகள் வயதுதான் இருக்கும். படிக்கப் போகிற எங்களில் பாதிப்பேருக்குப் பேரன் பேத்தி எடுத்தாயிற்று. வெட்கமெல்லாம் முதல் வாரத்தோடு போய்விட்டது. அவர் எங்களை அண்ணாச்சி, அக்கா என்பார். நாங்கள் டீச்சர் என்போம்.

எங்களில் ஆவுடையப்பன் அண்ணாச்சி பஸ் டெப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். கிளம்பாத வண்டியைத் தள்ளிக் கிளப்பியே பழகிய மனுஷர். தங்கமான ஆள்தான், ஆனால் பொறுமை கிலோ என்ன விலை என்று கேட்பார்.

சரஸ்வதி பூஜை லீவு முடிந்து வகுப்புக்கு வந்தபோது அவர் முகமே சரியில்லை. வீட்டுப் பாட்டுப்பெட்டி நின்றுபோய்விட்டது என்றார்.

பாட்டுப்பெட்டி என்றால் ஒரு பழைய கம்ப்யூட்டர். பாட்டெல்லாம் அதோடு சேர்த்த தனி டிஸ்க்கில் இருக்கும். ஒரு சாப்ட்வேர் அதை எடுத்து எல்லா அறைக்கும் அனுப்பும். அத்தனையும் அவர் மனைவி காந்திமதி அக்கா பாடிய பாட்டு. அக்கா பள்ளிக்கூடத்தில் பாட்டு சொல்லிக்கொடுத்தவர். தொண்டையில் ஆபரேஷன் ஆனதிலிருந்து பாடுவதில்லை. பேச்சும் ரொம்பக் கொஞ்சம். பார்த்தால் வருத்தப்படுவாளே என்று அக்காவின் சுருதிப்பெட்டியை அண்ணாச்சிதான் பரணில் ஏற்றி வைத்தார். காலையில் எழுந்ததும் தன் பாட்டைத் தானே அடுக்கிய வரிசையில் கேட்பது ஒன்றுதான் அக்காவுக்கு ஆறுதல்.

இப்போது அதுவும் இல்லை. அக்கா அறையை விட்டு வெளியே வருவதில்லை, தட்டில் போட்டது போட்டபடி கிடக்கிறது என்று அண்ணாச்சி புலம்பினார். நிறுத்தி நிறுத்திப் போட்டுப் பார்த்தாராம். சாப்ட்வேரைத் திரும்ப ஏற்றிப் பார்த்தாராம். பெட்டி தலையில் ஒரு தட்டும் தட்டினாராம். என்னமோ எழுத்து வந்து வந்து போகுது, அதை யார் உட்கார்ந்து படிக்க என்றார்.

டீச்சர் அதைத்தான் படித்துக்கொண்டு வரச் சொன்னார்.

மறுநாள் அண்ணாச்சி போனில் படம் பிடித்து வந்தார். பாட்டு இருக்கும் இடத்தைக் காணோம், அதனால் கிளம்பவில்லை என்று அதில் இருந்தது. அவர் அதற்கும் ஒரு வழி விசாரித்து வைத்திருந்தார். அந்த இடத்தில் அதே பெயரில் காலியாக ஒரு போல்டர் போட்டால் சாப்ட்வேர் ஏமாந்து கிளம்பிவிடுமாம். டெப்போ சிநேகிதரின் மகன் சொன்னானாம். போடவா என்று கேட்டார்.

போட்டுப் பார்த்துவிடலாம் என்றார் டீச்சர். தன் மேஜைக் கம்ப்யூட்டரில் அதே சாப்ட்வேரை ஏற்றினார். ஒரு டிஸ்க்கில் கொஞ்சம் பாட்டைப் போட்டு, அண்ணாச்சியையே ஒரு வரிசையில் அடுக்கச் சொன்னார். பிறகு சாப்ட்வேரை நிறுத்தி, டிஸ்க்கைப் பிடுங்கிவிட்டு, காலிப் போல்டரைப் போட்டார்.

சாப்ட்வேர் உடனே கிளம்பியது. பார்த்தீர்களா என்கிற மாதிரி அண்ணாச்சி எங்கள் பக்கம் திரும்பினார்.

அவர் திரும்பிய நேரத்தில் திரையில் பாட்டுகள் மறைய ஆரம்பித்தன. இந்தப் பாட்டு இல்லை, நீக்கியாயிற்று, அந்தப் பாட்டு இல்லை, நீக்கியாயிற்று என்று ஒவ்வொன்றாகப் போய், அண்ணாச்சி அடுக்கிய வரிசையும் காலியானது. டீச்சர் டிஸ்க்கைத் திரும்பச் செருகினார். பாட்டு வந்தது. வரிசை வரவில்லை.

அண்ணாச்சி பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அப்போ எங்க வீட்டுப் பெட்டி கெட்டுப்போயி நிக்கலியா டீச்சர்?"

"இல்ல அண்ணாச்சி. பாட்டு இல்லாம கிளம்ப மாட்டேன்னு நிக்குது."

பெட்டியை எங்கேயாவது நகர்த்தினீர்களா என்று டீச்சர் கேட்டார். பூஜைக்காக எல்லா ஒயரையும் கழற்றி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து சாமி படத்துக்கு முன்னால் வைத்ததாக அண்ணாச்சி சொன்னார். திரும்ப மாட்டும்போது டிஸ்க்கைக் கைக்கு எட்டிய துளையில் செருகியிருக்கிறார். சாப்ட்வேர் பழைய துளையிலேயே தேடிக்கொண்டிருக்கிறது.

"முன்ன இருந்த எடத்துல சொருகிட்டு சும்மா இருங்க. தட்டவும் வேண்டாம், அமுக்கவும் வேண்டாம். அதுவே பாத்துக்கிட்டுக் கிளம்பும்."

சும்மா இருப்பது அண்ணாச்சிக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்று எங்களுக்குத் தெரியும். டிஸ்க்கை மாற்றிச் செருகிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு பெட்டி முன்னால் நின்றாராம். கொஞ்ச நேரத்தில் பாட்டு வந்ததாம். காந்திமதி அக்கா கதவைத் திறந்துகொண்டு வந்து கூடத்தில் உட்கார்ந்தாராம். அடுத்த வகுப்பில் இதைச் சொல்லும்போது அண்ணாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. எங்களுக்கும்தான். எல்லோருக்கும் காராச்சேவு வாங்கி வந்திருந்தார்.

ஆனால் அவர் ஒரு வாய்கூடத் தின்னவில்லை. டீச்சர் மேஜைப் பக்கத்தில் போய் நின்றார். அக்கா இனிமேல் பாடலாம், பாடிப் பழகினால்தான் குரல் திரும்பும், தள்ளிப்போடாதீர்கள் என்று டாக்டர் எப்போதோ சொல்லிவிட்டாராம். இவரும் விடிந்தால் பாடு பாடு என்கிறார். கெஞ்சியாயிற்று, சண்டை போட்டாயிற்று. அக்கா தலையை மட்டும் ஆட்டுகிறார்.

"பிடிவாதமா பயமா, ஒண்ணும் வெளங்கல. வாயத் திறக்கவே மாட்டேங்கா டீச்சர். எனக்கு அவ குரல் வேணும்."

பூஜையில் வேறு என்னென்ன வைத்தீர்கள் என்று டீச்சர் கேட்டார். தன்னுடைய ஸ்பேனர், அருவாமனை, பேத்தியின் புத்தகம் என்று அண்ணாச்சி சொன்னார்.

"வருஷா வருஷம் அக்கா என்ன வைப்பாங்க?"

"சுருதிப்பெட்டி. மறுநாள் காலையில அத எடுத்து மடியில வச்சுத்தான் மொதல் பாட்டு..."

இந்த வருஷம் அந்தப் பெட்டி பரணில் கிடந்தது.

வகுப்பு பாதிதான் ஆகியிருந்தது. அண்ணாச்சி பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். செருப்பை மாட்டியவர், என்ன நினைத்தாரோ, மறுபடி கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்தார்.

"பரண்லேருந்து எறக்கி வச்சிட்டு, அவகிட்ட என்ன சொல்லணும் டீச்சர்?"

"டிஸ்க்கச் சொருகிட்டு கம்ப்யூட்டர்கிட்ட என்ன சொன்னீங்க அண்ணாச்சி?"