தமிழ் பேசின இந்தி மாமியார்

நான் பத்தாவதோட நின்னுட்டேன். பொய் சொல்ற அளவுக்கெல்லாம் படிக்கல. அதனால பவுலின் அக்கா வீட்டு வாசல்ல நின்னு நான் சொன்னது பூராம் நெசம்.

தலையில டிஷ், தோள்ல வயரு. "ஜெனிட்டா, இன்னைக்கு ஒரு வீட்லயாவது மாட்டிட்டு வா. இல்லைன்னா நாளையில இருந்து கடைப்பக்கம் வராத"ன்னு முதலாளி காலையிலயே சொல்லிட்டாரு. அஞ்சு வீட்ல கதவைச் சாத்திட்டாங்க. இது ஆறாவது.

"ஒரு தடவை மாட்டுனா போதும்க்கா. மாசா மாசம் கேபிள்காரனுக்கு அழ வேண்டாம்."

அக்கா முருங்கைக்கீரை ஆய்ஞ்சுக்கிட்டே, "காசில்லாம வர்றதெல்லாம் இந்திச் சேனலாம்ல? எனக்கு இந்தி தெரியாது புள்ள"ன்னுச்சு.

"யாருக்குத் தெரியும்? நிலக்கோட்டைல ஒரு அக்கா வீட்ல மாட்டுனேன். மொத நாள் இந்தி. மறுநாள் மாடியில ஏறி டிஷ்ஷை அரை விரக்கடை திருப்பி விட்டேன். அன்னைக்கே சீரியல் பூராம் தமிழ்."

உள்ள பனியனோட உக்காந்திருந்த அக்கா வீட்டுக்காரர் லூர்து அண்ணன் எட்டிப் பாத்தாரு. "டிஷ்ஷைத் திருப்புனா பாஷை மாறுமாக்கும்?"

"மாறாதுண்ணே. சாட்டிலைட்டைப் பாத்து டிஷ்ஷை எவன் வேணாலும் திருப்புவான். நான் திருப்புன திருப்புல சாட்டிலைட்டே நம்ம பக்கம் திரும்பிருச்சு. அன்னைக்கு நாடு பூராம் படம் சாஞ்சுதான் தெரிஞ்சது. டெல்லிக்காரங்க அம்புட்டுப் பேரும் தலையைச் சாய்ச்சுக்கிட்டே பாத்தாங்க. கழுத்துவலித் தைலம் கடையில கெடைக்கல."

"டெல்லில நடந்தது உனக்கு எப்பிடித் தெரியும்?"

"டிவில காமிச்சாங்கல்ல."

அக்கா சிரிச்சுச்சு. "சிரிச்சது போதும், ஏணி எங்க இருக்கு?"ன்னு கேட்டேன். அக்கா அடுத்த கொத்துக் கீரையை எடுத்துச்சு. சரின்னு மேல சொன்னேன்.

"அதுல ஒரு சீரியல்ல ஒரு மாமியார் வரும். மூக்குத்தி வளையமே தோசைக்கல்லு தண்டி இருக்கும். தமிழ் வந்த நாலாம் நாளு, அது தன் மருமகளை விட்டுட்டு நிலக்கோட்டை அக்காவைத் திட்ட ஆரம்பிச்சுருச்சு. 'என்னடி ரசம் வச்சிருக்க, புளி தூக்கலா இருக்கு'ன்னு."

"டிவிக்குள்ள வாசம் போயிருச்சோ?" இது லூர்து அண்ணன்.

"ஜன்னல் சாத்தியிருந்துச்சுண்ணே. வேற எங்க போகும்? அந்தக்கா சும்மா இருக்குமா, ரிமோட்ட எடுத்துச் சவுண்டைக் குறைச்சுச்சு. மாமியார் உள்ள இருந்தே கூட்டிருச்சு. செய்திக்கு மாத்துனா, செய்தி வாசிக்கிறவரைத் தள்ளி உக்காரச் சொல்லிட்டுத் திட்டுது. கிரிக்கெட்டுக்கு மாத்துனா, பிட்ச்சு நடுவுல வந்து நின்னுக்கிட்டுத் திட்டுது. பந்து போட வந்தவன் பாதி வழியில நின்னுட்டான். மழைன்னு சொல்லி மேட்சையே நிப்பாட்டிட்டாங்க."

கீரை ஆயிற கை நின்னுருச்சு. "பெறகு?"

"பெறகென்ன, நான்தான் போயிச் சமாதானம் பண்ணி விட்டேன். இப்ப ரெண்டு பேரும் ஒத்துமை. சாயங்காலமானா அந்தக்கா டிவிக்கு முன்னால முதுகைக் காட்டி உக்காரும். மாமியார் கையை வெளிய நீட்டிப் பேன் பாத்து விடும். கரண்டு போனாத்தான் வம்பு. போன வாரம் கை வெளிய இருக்கும்போது போயி, மூணு மணி நேரம் கை அப்பிடியே வெளிய மாட்டிக்கிருச்சு. பாவம், சும்மாதான இருக்குன்னு பக்கத்து வீட்டுப் பிள்ளைக மருதாணி வச்சு விட்டுருச்சுக. மறுநாள் சீரியல்ல அது துட்டி வீட்டுக்குப் போற கட்டம். ஒரு கை மட்டும் செவசெவன்னு இருக்கு. வந்தவங்க பூராம் பொணத்த விட்டுட்டுக் கையைப் பாக்குறாங்க."

லூர்து அண்ணன் சிரிச்சு இருமி, தண்ணியக் குடிச்சு, "கொல்லையில கெடக்கு ஏணி, எடுத்துக்க"ன்னாரு.

ஓடிப்போயித் தூக்கிட்டு வந்து சாத்துனேன். ரெண்டு படி ஏறிட்டேன்.

"ஏ புள்ள, நில்லு." அக்கா எந்திரிச்சு வந்துச்சு. "உங்க வீட்ல எது? இதுவா, கேபிளா?"

"கேபிளு."

"ஏன்?"

"நானும் மூணு தடவை சொல்லிப் பாத்துட்டேன்க்கா. எங்கம்மா நம்ப மாட்டேங்குது."

அக்கா திரும்பவும் கீரை முன்னால போயி உக்காந்துச்சு.

"எறங்கு தாயி"ன்னாரு லூர்து அண்ணன். "ஏணியக் கொல்லையில போட்டுட்டுப் போ."