ஒத்தக் குஞ்சுக்கு ஒரு துணை

மொட்டைக்குளத்தில் வெயிலுமுத்து, மாசானம், தளவாய் என்று மூணு அண்ணன் தம்பிகள். மூணு பேருக்கும் நல்ல மீசை. அதை வைத்துத்தான் ஊர் இவர்களைப் பெரிய மனுசங்க என்று நம்பியது. வேற ஆதாரம் எதுவும் கிடையாது.

மூத்தவன் வெயிலுமுத்துவின் பெண்டாட்டி பேச்சிக்கனி, தங்கச்சி பிரசவத்துக்குப் போகும்போது அடைக்கோழியைக் காட்டிச் சொன்னாள்: "பதினோரு முட்டை இருக்கு. வெள்ளிக்கிழமை நான் வரும்போது ஒரு குஞ்சாவது முத்தத்துல ஓடணும். இல்ல, வந்த பஸ்லயே திரும்பிருவேன்."

அண்ணன் தம்பிகளுக்கு அக்கறை தாங்கவில்லை. பொரிந்துவிட்டதா என்று தினமும் ஒவ்வொரு முட்டையாக எடுத்துக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார்கள். பத்து கூமுட்டையாகிவிட்டது. வீட்டுக்காரர்களையும் சேர்த்தால் பதிமூணு.

செவ்வாய்க்கிழமை மிஞ்சின ஒண்ணு பொரிந்தது. குஞ்சுக்கு நிற்க வரவில்லை. கால் ரெண்டும் ஆளுக்கொரு திசையில் விரிந்து கிடந்தன.

"தவளை ஜாதியோ?" என்றான் தளவாய்.

"வெள்ளிக்கிழமை வந்துருமேடா!" என்று வெயிலுமுத்து குஞ்சைத் தூக்கிக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினான். தம்பிகளும் ஓடினார்கள்.

டாக்டரம்மா ரெண்டு காலையும் சேர்த்துச் சின்னதாக ஒரு கட்டுப் போட்டார். "வியாழக்கிழமை அவிழ்த்துருங்க. அறுபது வாட் பல்பு போட்டுச் சூடா வைங்க. தண்ணியைச் சொட்டுச் சொட்டா குடுங்க. கூடப் பொறந்த குஞ்சு இல்லாம தனியா இருந்தா ஏங்கிச் செத்துரும். எதிர்ல ஒரு கண்ணாடி வைங்க, துணையாச்சு."

வீட்டில் எல்லாம் பத்து வாட் எல்.இ.டி. பல்பு.

"ஆறு மாட்டு," என்றான் மாசானம். "கணக்குன்னா கணக்கு."

கணக்கு சரிதான். அதுதான் கொடுமை. கல்யாண மண்டபம் மாதிரி வெளிச்சம். சூடு மட்டும் இல்லை. தாய்க்கோழி கண் கூசிக் கூரையில் ஏறிவிட்டது. குஞ்சு வெடவெடவென்று நடுங்கியது.

"ஏன்டா நடுங்குது?"

"இத்தனை வெளிச்சத்துல உடுப்பில்லாம இருந்தா நீ நடுங்க மாட்டியா?"

குஞ்சுக்கு ஆயுசு கெட்டி. கரண்ட் போனது. கோழி இறங்கி வந்து குஞ்சை இறக்கைக்குள் அணைத்துக்கொண்டது. நடுக்கம் நின்றது.

"பாத்தியா, பல்போட வேலையை!" என்றான் மாசானம்.

மறுநாள் குஞ்சின் எதிரே கண்ணாடியை வைத்த தளவாய் அலறினான். "அண்ணே! இன்னொண்ணுக்கும் கால் போச்சு! தொத்து வியாதி!"

மாசானம் குனிந்து பார்த்தான். "கட்டுப் போட்டிருக்குடா. நமக்குத் தெரியாம டாக்டரம்மா வந்துட்டுப் போயிருக்காங்க."

"நல்ல மனசு," என்றான் வெயிலுமுத்து.

தண்ணீர் கொடுப்பதில்தான் சிக்கல். இந்தப் பக்கத்துக் குஞ்சு குடித்தது. அந்தப் பக்கத்துக் குஞ்சுக்கு ஊற்றினால் கண்ணாடியில் வழிந்தது.

"குடிக்க மாட்டேங்குதே?"

"வீம்பு பிடிச்சது."

வியாழக்கிழமை கட்டை அவிழ்த்தார்கள். அந்தப் பக்கத்திலும் அவிழ்ந்திருந்தது. டாக்டரம்மாவின் கடமை உணர்ச்சியை நினைத்து மூணு பேரும் கண் கலங்கினார்கள்.

வெள்ளிக்கிழமை பேச்சிக்கனி வந்தாள். முத்தத்தில் குஞ்சு குடுகுடுவென்று ஓடியது. அவள் முகம் மலர்ந்தது. வெயிலுமுத்துவுக்கு உயிர் வந்தது. அதோடு வாயை மூடியிருக்கலாம்.

"பதினோரு முட்டைக்கு ஒரே ஒரு குஞ்சுதானா?" என்றாள்.

"ரெண்டு!" என்று அவன் பெருமையாகக் கண்ணாடியைக் காட்டினான். "எண்ணிக்க."

பேச்சிக்கனி குனிந்து பார்த்தாள். குஞ்சுக்குப் பின்னால் மூணு மீசைகள் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தன.

"மூணு பேரையே என்னால தாங்க முடியல. ஆறா?" என்றாள்.

அவள் வந்த பஸ் இன்னும் திரும்பிக்கொண்டுதான் இருந்தது. குஞ்சை முந்தானையில் போட்டுக்கொண்டு ஏறிவிட்டாள்.

வெயிலுமுத்து தரையில் உட்கார்ந்து தேம்பினான்.

"அண்ணன் தனியாயிட்டான்," என்றான் தளவாய். "ஏங்கிச் செத்துருவானே!"

டாக்டரம்மா சொன்ன வைத்தியம் ஞாபகம் இருந்தது. ரெண்டு பேரும் கண்ணாடியைத் தூக்கி வந்து அவன் எதிரே வைத்தார்கள்.

வெயிலுமுத்து நிமிர்ந்து பார்த்தான். அழுகை சட்டென்று நின்றது.

"அட பாவமே, உன் பெண்டாட்டியும் போயிட்டாளா? விடுடா. இந்தா, ஒரு வாய் சாப்பிடு," என்று சோற்றை உருட்டிக் கண்ணாடியில் ஊட்டினான். சோறு வழுக்கிக் கீழே விழுந்தது.

"சாப்பிட மாட்டாண்ணே," என்றான் தளவாய். "அந்தப் பக்கத்துக்காரங்க எல்லாருக்குமே வீம்பு."