வேரில் நின்ற நஞ்சு

"மூணு வருஷ வேலை மேடம். இன்னும் ஏன் என் அறிக்கையில கையெழுத்துப் போட மாட்டேங்கறீங்க?"

கேட்ட அற்புதசாமிக்கு வயது ஐம்பத்தாறு. வாத்தியார் வேலையை விட்டுவிட்டு, தன்னைவிடப் பதினைந்து வயது இளையவரான நஸ்ரீனிடம் மண் ஆராய்ச்சி படிக்க வந்தவர். சுரங்கக் கழிவு வழிந்து, அவருடைய ஊர் மேய்ச்சல் நிலத்தில் யுரேனியம் கலந்திருந்தது. வேலி போட்டு மாடுகளைத் தடுத்துவிட்டார்கள்.

அந்த மண்ணைத் தொட்டிகளில் நிரப்பி, புல்வேரில் ஒரு பூஞ்சையைச் சேர்த்து வளர்த்தார். பூஞ்சை யுரேனியத்தை வேரோடு பிடித்து நிறுத்திக்கொண்டது. இலைக்கு ஏறியது சொற்பம்.

"அறுபது தொட்டி. இலை அத்தனையும் அளந்துட்டேன்."

"அளவு சரிதான் சார்."

"அப்புறம்? இந்தப் புல்லை நட்டு மாட்டை மேய விடலாம்னு எழுதினதுல என்ன தப்பு?"

நஸ்ரீன் எழுந்தார். ஜீப் சாவியை எடுத்தார்.

ஊரில், வேலிக்கு வெளியே, கழிவு படாத தரையில் குருவம்மாவின் செவலைப் பசு மேய்ந்துகொண்டிருந்தது. நஸ்ரீன் அதன் பக்கத்தில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அற்புதசாமியும் உட்கார்ந்தார்.

வெயில் ஏறியது.

பசு நாக்கைச் சுழற்றிப் புல்லை வளைத்தது. தலையை வெடுக்கென்று இழுத்தது. பொலபொலத்த மணலிலிருந்து புல் கொத்து அப்படியே பெயர்ந்து வந்தது. வேரும், வேரில் ஒட்டிய மண்ணும் வாய்க்குள் போயின.

"இலையை மட்டும் தின்னச் சொல்லுங்க, சார்."

வேர் பெயர்ந்த குழியை அற்புதசாமி விரலால் தொட்டுப் பார்த்தார்.

அவர்களைப் பார்த்துவிட்டு குருவம்மா ஓடி வந்தாள். "வாத்தியாரே, வேலியைப் பிரிச்சிடலாமா? பதினோரு மாடு. வைக்கோல் வாங்கி மாளல."

"பிரிக்கக் கூடாது."

"இதைத்தானே மூணு வருஷமா சொல்றீங்க!"

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பையிலிருந்து அறிக்கையை எடுத்தார். மாட்டை மேய விடலாம் என்ற கடைசி வரியை அடித்தார். நின்று யோசித்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டினார்.

"புல்லறுக்கிற அருவா வச்சிருக்கியா, குருவம்மா?"

"இருக்கு. எதுக்கு?"

"மாடு வேலிக்குள்ள போக வேண்டாம். அறுத்த புல்லு வெளிய வரட்டும். தரையிலேர்ந்து எத்தனை விரக்கடைக்கு மேல அறுத்தா மண்ணு ஒட்டாதுன்னு இனிமேதான் அளக்கணும்."

"அதுக்கு எத்தனை நாளாகும்?"

"தெரியாது. இன்னைக்கே ஆரம்பிக்கிறேன்."

நஸ்ரீன் எழுந்து சட்டைக் கையை மடித்துவிட்டார்.

"ரெண்டு அருவாளா கொண்டு வாங்கம்மா."